துறைமுக நகருக்கு ஒரு நாள் போதாது

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவிகள் விடுமுறைக்கு வரும்போது திருக்கோணமலைக்கென்று ஒதுக்கும் காலம் பெரும்பாலும் ஒரு பகலும் ஓர் இரவும்தான். காலையில் கோணேசர் தரிசனம், கோட்டைக்குள் மான்களோடு ஒரு படம், மத்தியானம் மீன்குழம்பும் சோறும், பின்னேரம் நிலாவெளிக் கடல், மறுநாள் விடிய புறாத்தீவுக்குப் படகு. அதன்பின் வான் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிவிடும். இதில் குறைசொல்ல எதுவும் இல்லை. ரொறன்ரோவில் பனிதள்ளிக் களைத்தவர்களுக்குக் கடல் வேண்டியதுதான். ஆனால் கூட வரும் பிள்ளைகள் இந்த ஊரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு நாம் கொடுக்கும் பதில்கள் மிகவும் சிறியனவாக இருக்கின்றன. கோட்டை யார் கட்டியது? "ஒல்லாந்தர்." கோயில் எவ்வளவு பழையது? "இராவணன் காலத்தது." இரண்டு பதிலுக்கும் நடுவே கிடக்கும் காலம் முழுவதையும் கோட்டைவாசலிலேயே விட்டுவிட்டு நாம் மேலே ஏறிப் போய்விடுகிறோம்.

நூற்றாண்டு மலருக்கென்று ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நம் ஊரின் பழைய இடங்களை ஒருமுறை ஆறுதலாக நடந்து பார்த்து எழுதுவோம் என்று தீர்மானித்தோம். பாடப்புத்தகத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்த அதே இடங்கள்தான். மனப்பாடம் செய்த காலத்தில் அவற்றை நாம் பார்க்கவில்லை.

முதலில் கடல். இந்த ஊரின் வரலாறு கோயிலிலிருந்தோ கோட்டையிலிருந்தோ தொடங்கவில்லை. தரையின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடா ஒரு பெரிய வாய்போலத் திறந்திருக்க, அதன் வடக்கு ஓரத்தில் மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கி உட்துறைமுகம் கிடக்கிறது. குடாவின் அடியில் ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே வரை வருகிறது. இதனால் பெரிய கப்பல்களும் கரையை நெருங்கலாம். திமிங்கிலங்கள் இந்தக் கரையோரம் வருவதற்கும் இந்த ஆழமே ஒரு காரணம்.

ஆழம் மட்டும் போதாது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், சென்னை தொடங்கித் தெற்கே நாகபட்டினம் வரை, பாய்க்கப்பல் காலத்தில் புயலுக்கு ஒதுங்கத்தக்க நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் ஆங்கிலேயரின் கப்பற்படை சோழமண்டலக் கரையை விட்டுப் பம்பாய்க்கு ஓட வேண்டியிருந்தது. ஓடிய படை திரும்பி வரும்வரை அந்தக் கரை காவலின்றிக் கிடக்கும். அதே கடலில், பருவக்காற்றுக் காலத்திலும் பாதுகாப்பாக நிற்கக்கூடிய ஓரிடம் திருக்கோணமலை. ஆகவே இதை வைத்திருப்பவன் கையில்தான் வங்கக் கடல் என்று ஐரோப்பியர் கணக்குப் போட்டார்கள். இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்கு விளங்கவைத்தால், மீதி முந்நூறு ஆண்டுக் கதை தானாக விளங்கும்.

அந்தக் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1782ஆம் ஆண்டு ஒன்றே சான்று. அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைப் பிடித்தார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் வந்து அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செய்தி அறிந்து சென்னையிலிருந்து விரைந்து வந்த ஹியூஸ், செப்டெம்பர் முதல் நாட்களில் குடாவை அடைந்தபோது கோட்டைமேல் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. மறுநாள் வெளிக்கடலில் பெரும் சண்டை, முடிவில்லாமல் முடிந்தது. பிறகு ஐரோப்பாவில் எழுதிய உடன்படிக்கையின்படி ஊர் மறுபடியும் ஒல்லாந்தரிடம் போனது. 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். ஓராண்டுக்குள் மூன்று கொடிகளைப் பார்த்த நம் முன்னோர், மீன்விற்கவும் நெல் அறுக்கவும் யாரிடம் வரி கட்டினார்களோ என்று நாம் நடந்தபடியே பேசிக்கொண்டோம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனிக் கோட்டைவாசல். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1803இல் இங்கிலாந்து அரசகுமாரர் ஒருவரின் பெயரால் பிரெட்றிக் கோட்டை என்றானது. அதற்கு முன்னும் அது கோட்டைதான். 1620இல் ஓவ கியெட்டே என்பவரின் தலைமையில் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டத் தொடங்கி, முடிக்காமலே போனார்கள். டென்மார்க்கில் குடியேறிய நம் தோழிகளுக்கு இந்தச் செய்தி சுவையாக இருக்கும்: அவர்கள் இப்போது வாழும் நாட்டவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் குடியிருக்கப் பார்த்தவர்கள். சிறிது காலத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா வந்தார். அவர் மலைமேலிருந்த கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார். 1639இல் ஒல்லாந்தரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைப் பிடித்தனர். பின்னர் 1665 அளவில் ஒல்லாந்தர் மீண்டும் வந்து கோட்டையைப் புதுக்கிக் கட்டினார்கள்.

ஆகவே பிள்ளைகள் "யார் கட்டியது?" என்று கேட்டால், கட்டியவர்கள் பலர், கல் மட்டும் கோயிலின் கல் என்பதே நேர்மையான பதில். அதற்குச் சாட்சி வாசலிலேயே நிற்கிறது. கோட்டைவாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருக்கிறது, பாண்டியரின் சின்னம். அதன் கீழ்த் தமிழ் எழுத்துகள். வான் வாசலுக்குள் நுழையும் வேகத்தில் அது கண்ணில் படாது. வாசலுக்கு வெளியே இறங்கி, ஓரமாக நின்று, கல்லைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது மீனின் உடல் நன்றாகத் தெரியும்.

எழுத்துகள் பெரிதும் சிதைந்துபோனவை. ஆய்வாளர்கள் விட்ட இடங்களை நிரப்பி வாசித்ததன் கருத்து இதுதான்: முன்னாளில் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் பிரிப்பர், அதன்பின் மன்னர் அதைப் பேணமாட்டார், பின்பு வேறு வேறு நிறக் கண்ணுடையோர் ஒருவர்பின் ஒருவராக நாட்டை ஆள்வர். தீர்க்கதரிசனம் போன்ற பேச்சு. போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸும் கோயில் இடிக்கப்பட்ட கதையை எழுதும்போது இத்தகைய கல்வெட்டைக் குறிப்பிடுகிறார். நடந்ததை நடக்கப்போவதாக எழுதுவது பழைய நூல்களில் காணும் வழக்கந்தான். அதனால் இது எப்போது வெட்டப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. நமக்குத் தோன்றுவது வேறு. முன்கூட்டிச் சொன்னதோ பின்னால் சொன்னதோ, இந்தக் கோயிலை இழந்த துக்கத்தை யாரோ ஒருவர் உளியால் எழுதியிருக்கிறார். அதே கல்லை இடித்தவர்கள் தங்கள் வாசலுக்கு நிலையாக நட்டார்கள். வாசிக்கத் தெரியாமல் நட்டார்களா, தெரிந்தும் பொருட்படுத்தாமல் நட்டார்களா என்பது அந்த மீன்களுக்கே வெளிச்சம்.

வாசலைத் தாண்டினால் இராணுவ முகாம். அதனூடாகக் கோயிலுக்குப் போகும் பாதை. இடதும் வலதும் புள்ளிமான்கள். பழைய மரங்களின் நிழலில் வெலிங்டன் இல்லம் என்று ஒரு கட்டடம். வோட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் தளபதியாக 1800ஆம் ஆண்டின் கடைசியில் இங்கு தங்கிப் படை திரட்டினார். அந்தப் படை பின்னர் எகிப்துக்குத் திருப்பப்பட்டது. இங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்றுண்டு: அவர் திருக்கோணமலையில் காய்ச்சலாகக் கிடந்ததால் தாம் போகவிருந்த கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் ஆட்களோடு கடலில் மூழ்கியது, நம் ஊர்க் காய்ச்சல்தான் ஐரோப்பாவைக் காப்பாற்றியது என்பார்கள். கப்பல் மூழ்கியது உண்மை. சூசன்னா என்ற அந்தக் கப்பல் செங்கடலில் தொலைந்தது. காய்ச்சல் வந்தது மட்டும் பம்பாயில். நல்ல கதையைக் கெடுப்பதில் நமக்கு விருப்பமில்லை, ஆனாலும் நம் வரலாற்று ஆசிரியைகள் இருந்திருந்தால் இதைச் சிவப்பு மையால் வெட்டியிருப்பார்கள்.

மேலே சுவாமிமலை. கடலிலிருந்து செங்குத்தாகச் சுமார் 350 அடி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. அவருடைய பதிகத்தில் கடலின் ஓசையும் அலை கொண்டுவந்து எறியும் பொருள்களும் நிரம்ப வருகின்றன; வந்து பார்த்தவர்போலவே இருக்கும். மகாவம்சம் முதலிய பாளி நூல்கள் கோகர்ணம் என்ற பெயரால் இத்துறையைச் சொல்கின்றன. சோழர் காலத்தில் 250 வேலி நிலம் இக்கோயிலுக்கு விடப்பட்டதை நிலாவெளிக் கல்வெட்டு கூறுகிறது. புறாத்தீவுக்குப் படகேற நிற்கும் கரைதான் நிலாவெளி. நாம் சுழியோடும் கண்ணாடி வாடகைக்கு எடுக்கும் ஊர் ஒருகாலத்தில் கோணேசருக்கு நெல் அளந்த ஊர். சோடகங்கன் என்பவன் சக வருடம் 1145இல், அதாவது 1223இல், கோகர்ணத்துக்கு வந்ததைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டின் துண்டும் கோட்டைக்குள்தான் கிடைத்தது.

குவெய்றோஸின் குறிப்பின்படி இங்கு மூன்று கோயில்கள் இருந்தன: உச்சியில் ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று. மூன்றும் போயின. இதன்பின் நடந்ததைத்தான் நம்மில் பலர் அறிவதில்லை. கோயில் இல்லாமற் போனபின்னும் வழிபாடு நிற்கவில்லை. கோட்டை அந்நியருடையது, காவலும் அவர்களுடையது. ஆயினும் ஊரவர்கள் மலைவிளிம்புக்குப் போய், பாறையில் கற்பூரம் கொளுத்தி, பூவையும் தேங்காயையும் கடலுக்குள் இட்டு வணங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் இதைக் குறித்து எழுதியிருக்கிறார். சுவரும் கூரையும் விக்கிரகமும் இல்லாமல், இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு முந்நூறு ஆண்டுக்கு மேலாக நடந்த பூசை அது.

விக்கிரகங்கள் எங்கே போயின? சில தம்பலகாமத்தில் அடைக்கலம் பெற்றன என்பது மரபு. அங்குள்ள ஆதிகோணநாயகர் கோயில் அந்த நினைவோடுதான் நிற்கிறது. வேறு சில மண்ணுக்குள் இருந்தன. 1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது, மலையிலிருந்து அரைக் கல்லுக்கும் குறைந்த தூரத்தில், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. யாரோ அவசரத்தில் புதைத்தவர்கள். திரும்பி எடுக்க வராதவர்கள். நகைப்பெட்டியைப் புதைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் நம் காலத்திலும் உண்டு என்பதால், இந்தச் செய்தி நமக்குப் பழங்கதையாகப் படவில்லை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். கிளார்க் அதைப் பற்றி எழுதிய நூல் அடுத்த ஆண்டு வந்தது. இன்று நாம் கும்பிடும் கோயில் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். அதற்கு முன்பு இந்த மலையை வெறும் பாறையாகப் பார்த்த மூத்த மாணவிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்தால், எந்தக் கல்வெட்டிலும் இல்லாத ஒரு பக்கம் கிடைக்கும்.

மலைவிளிம்பில் இராவணன் வெட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கும் மற்றக் கதை, ஒல்லாந்தப் பெண் ஒருத்தி காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு இங்கிருந்து குதித்தாள் என்பது. பெயர் பிரான்சினா வான் ரீட், ஆண்டு 1687, நினைவுத்தூண் ஒன்றும் உண்டு. ஆனால் அதே பெண் பல ஆண்டுகளின் பின் வேறொருவரை மணந்ததாக ஒல்லாந்தரின் பதிவேடுகள் கூறுகின்றன. குதித்தாளா, குதிக்காமல் வீட்டுக்குப் போய் வேறு வாழ்க்கை வாழ்ந்தாளா? நாம் பெண்கள் பாடசாலையில் படித்தவர்கள். இரண்டாவது முடிவுதான் எமக்குப் பிடித்திருக்கிறது. அதோடு அந்தத் தூணையும் உற்றுப் பாருங்கள். அது ஒல்லாந்தர் செதுக்கிய தூண் அல்ல, இடித்த கோயிலின் தூண் என்றே பலரும் கருதுகிறார்கள். ஒரு பெண்ணின் இல்லாத மரணத்தை நினைவுகூர ஒரு கோயிலின் உண்மையான மரணத்திலிருந்து கல் எடுத்திருக்கிறார்கள்.

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தால், கடற்கரைத் திடலின் அருகே பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். புல்லும் முள்ளும் மண்டிய இடம். காலில் செருப்பு அல்ல, சப்பாத்து வேண்டும். இங்கே அட்மிரல் சாள்ஸ் ஒஸ்டின் அடங்கியிருக்கிறார். 1852 ஒக்டோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றில், வாந்திபேதி கண்டு கப்பலிலேயே இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் அந்தப் பெண்ணின் நாவல்களைப் பரீட்சைக்காகப் புரட்டிய காலத்தில், அவருடைய தம்பி நமக்குப் பக்கத்திலேயே கிடந்தார் என்பதை அறிந்திருந்தால் புள்ளி கூடியிருக்குமோ தெரியாது. வாசிப்பில் ஒரு நெருக்கம் வந்திருக்கும்.

உட்துறைமுகத்துக்கு மேலேயுள்ள ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அனுமதி பெற்றால்தான் போகலாம். முடியாதவர்கள் உட்துறைமுக வீதியில், ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் வாழ்ந்த இல்லத்தில் இயங்கும் கடற்படை அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். கட்டடமே பார்க்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வரலாறு நம் வீடுகளுக்குள் நுழைகிறது. 1927இல் ரயில் வந்தது. சீனன்குடாக் காட்டுக்குள் பெருந்தாங்கிகளைக் கட்டி ஆங்கிலேயர் எண்ணெய் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. முதல்நாள் இரவே எச்சரிக்கை பெற்றுத் துறைமுகத்தை விட்டு விலகிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கல்லறையில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களில் பெரும்பாலானவை இருபதும் இருபத்திரண்டும் வயதானவர்களுடையவை. தமிழ்ப் பெயர்களும் அங்கு தென்படும், நின்று வாசியுங்கள்.

ஆனால் அன்று குண்டு விழுந்தபோது கைக்குழந்தையோடு ஊரைவிட்டு ஓடியவர்களுக்குக் கல் எதுவும் இல்லை. நம் பாட்டிமாரில் எத்தனையோ பேர் "யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்றுதான் பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்டார்கள். டொக்யாட்டில் வேலை பார்த்த தகப்பன்மாரின் பிள்ளைகள் நம்முள் பலர். 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துப் போனபோது நாட்டுக்கு அது பெருமை. பல வீடுகளில் அன்று சம்பளம் நின்றது. இரண்டும் ஒரே நாளின் செய்திகள். பாடப்புத்தகத்தில் முதலாவது மட்டுமே இருந்தது.

இந்த ஊர் ஏன் கொழும்புபோல வளரவில்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. காரணம் எளிது. கடல் நல்ல கடல். பின்னால் தோட்டமும் சந்தையும் இல்லை. தேயிலையும் கோப்பியும் கண்டி மலையிலிருந்து மேற்கே இறங்குவது சுலபம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டியபின் வணிகம் முழுவதும் அங்கே போயிற்று. திருக்கோணமலையைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் போருக்காகவே வந்தார்கள். விற்கவும் வாங்கவும் வந்திருந்தால் இங்கு தெருக்கள் வேறாக இருந்திருக்கும்.

நேரமிருப்பவர்கள் குடாவைச் சுற்றி மூதூருக்குப் போகலாம். முன்பு கிண்ணியாவில் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். பஸ்ஸும் ஆடும் மாடும் நாமும் ஒன்றாக மிதந்த அந்தப் பயணத்தை 2009இல் திறந்த பாலம் முடித்துவைத்தது. கொட்டியாரக் கரையில்தான் 1660இல் ஆன் என்ற கப்பலின் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டனர். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பி, 1681இல் வெளியிட்ட நூல்தான் அக்கால இலங்கையைப் பற்றி நமக்குள்ள மிகச் சிறந்த சாட்சியங்களில் ஒன்று. ஊர்விட்டுப் பிரிந்து வேற்றுமொழிக்குள் இருபது வருடம் வாழ்ந்தவன், தாய்மொழியை மறக்காமலிருக்கப் பட்ட பாட்டை அதில் வாசிக்கும்போது, நம் புலம்பெயர்ந்த தோழிகளுக்கு வேறுவகையாகப் படும்.

எதிர்த்திசையில், அநுராதபுர வீதியில், கன்னியா. ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு. தாயின் கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றும் நம்மவர் இறந்தோருக்கான கிரியைகளுக்கு இங்கு வருகிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் தாயையும் தகப்பனையும் நினைத்து இங்கே தலையில் வெந்நீர் வார்த்துக்கொண்டவர்கள். அண்மைய ஆண்டுகளில் இந்த இடம் யாருடையது என்ற பிணக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாளியோடு நீருக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வியே விளங்காது.

பிணக்கைப் பேசும்போது பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரையையும் பார்த்துவிட வேண்டும். அது பௌத்த விகாரை. சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கப் பசுக்களும் பொருளும் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. சைவப் பேரரசனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் தானம் எழுதிய காலம் இந்த ஊருக்கு இருந்தது. கல்லைக் கண்டவுடன் இது நம்முடையது, அது அவர்களுடையது என்று பிரிக்கும் எவருக்கும், எப்பக்கத்தவராயினும், இந்த இடம் சங்கடம் கொடுக்கும். அதனாலேயே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகச் சொல்கிறோம்.

கல்லில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 1895இல் வெளிவந்த மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுகிறது. எழுதியவர் த. சரவணமுத்துப்பிள்ளை, திருக்கோணமலையிற் பிறந்து சென்னையில் நூலகராக இருந்தவர். அதற்கு மூன்று ஆண்டு முன்னர், 1892இல், அவர் தத்தை விடு தூது என்று ஒரு நூல் எழுதினார். காதலுக்குக் கிளியைத் தூதுவிடும் பழைய வடிவத்தை எடுத்து, பெண்ணை வீட்டுக்குள் அடைத்துப் படிப்பும் விருப்பமும் மறுப்பதைக் கண்டிக்க அதைப் பயன்படுத்தினார். அவர் முப்பத்தேழு வயதளவில் இறந்துவிட்டார். நம்மைப் போன்ற பெண்கள் வெள்ளைச் சீருடையில் ரை கட்டிக்கொண்டு அவர் பிறந்த ஊரின் தெருக்களில் கூட்டமாக நடந்துபோவதை அவர் பார்க்கவில்லை. அவருக்கு இந்த ஊரில் வழிகாட்டிகள் காட்டும் சின்னம் எதுவும் இல்லை. கோட்டைக்குப் போகும் வழியில் நாமே பிள்ளைகளுக்கு அவரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வரமுடியாதவர்களுக்கு, குறிப்பாக இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கு, ஒரு செய்தி. திருக்கோணமலை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் உண்டு. 1817இல் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டிய அது, ஐரோப்பாவில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது. வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம். முகப்பில் நம் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அதை முறையாக உச்சரிக்கக் கற்றுக்கொடுங்கள்.

இங்கு வருபவர்கள் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே வாருங்கள், கடல் அடங்கியிருக்கும். கோணேசரிடம் போகுமுன் வாசலில் வானை நிறுத்தச் சொல்லி, அந்த மீன்களைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சாரதி அவசரப்படுத்துவார். பத்து நிமிடம் என்று சொல்லுங்கள்.